கொலோனில் மூன்று நாள்

எங்கள் உறவில் ஜெர்மனிக்கு முதலில் போனவர் என் அப்பாதான். மூன்றே நாள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறார் என்று நல்லூரில் எங்கள் வீதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

கீழே அப்பாவின் பனியன் கம்பெனி, மேலே நாங்கள், அதற்கு மேலே மொட்டைமாடி. அந்த வருஷம் கீழே இருக்க வேண்டிய அட்டைப்பெட்டிகள் படியேறி எங்கள் ஹாலுக்கும் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் குழந்தைகள் இரவில் போடும் உடுப்பு. மஞ்சள் துணியில் தூங்குகிற கரடி. சோபாவைச் சுற்றிப் பெட்டிகள் சுவராக நின்றதால், ஒளிந்து விளையாட அதைவிடத் தோதான வீடு வீதியில் இல்லை. அந்தச் சரக்கை வாங்க வேண்டிய, ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் கம்பெனி, அங்கே வியாபாரம் படுத்துவிட்டது, அனுப்ப வேண்டாம் என்று கைவிரித்துவிட்டதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பயணத்துக்கு முன்னால் அப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"ஃபோன்ல பேசுனா நாம வெறுஞ்சத்தம்தான். நேர்ல போயி நின்னா மூஞ்சியப் பாத்தாச்சும் மனசு எளகும்" என்றார் அப்பா.

"எளகுமுங்களா?" என்று கேட்டாள் அம்மா.

கொலோன் என்ற பெயரைக் கேட்டதும் எனக்குக் காய்ச்சலில் நெற்றிக்குத் தடவும் யூடிகோலன் பாட்டில்தான் ஞாபகம் வந்தது. அந்த ஊரிலிருந்துதான் அந்தப் பேரே வந்தது என்று கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் அக்கா சொன்னார். வேலை குறைந்து சும்மா இருந்த அவர், மூன்று நாளில் அங்கே என்னென்ன பார்க்கலாம் என்று இன்டர்நெட்டில் தேடி எனக்குத் தமிழில் சொன்னார். ஆற்றில் படகில் போகலாம். சாக்லேட்டுக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது, அதில் சாக்லேட் குழாய்த் தண்ணீர் மாதிரி கொட்டுகிறது. வானத்தை இடிக்கிற மாதிரி ஒரு மாதா கோவில். அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் அத்தனையையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்லோணும்" என்றேன்.

"சரீங்க சாமி" என்றார்.

பெரியப்பாவிடம் வாங்கிய கோட்டு, குரங்குக் குல்லா, அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி, தோளில் ஒரு நீலப் பை. பையில் கரடிச் சட்டைகள். சாயம் போகாது என்று காட்டுவதற்காக அவற்றில் ஒன்றைத் திரும்பத் திரும்பத் துவைத்து, தானே இஸ்திரி போட்டு எடுத்துப்போனார்.

திரும்பி வந்த அன்று மாலை உறவெல்லாம் கூடியது. காங்கேயத்திலிருந்து பெரியப்பா வந்தார். தம்பியின் கம்பெனிக்காகத் தன் தென்னந்தோப்புப் பத்திரத்தை பாங்கில் அடமானம் வைத்திருந்தவர் அவர். அப்பா எல்லோருக்கும் ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்தார்.

"என்ன சொன்னானுங்க?" என்று கேட்டார் பெரியப்பா.

"காப்பி குடுத்தாங்கண்ணா. உக்காரச் சொன்னாங்க. முடியாதுன்னு மொத நாள் காலைலயே சொல்லிப்போட்டாங்க. காப்பி ஆறக்கூட இல்ல."

"அப்பறம் மூணு நாளு என்ன பண்ணுன?"

நான்தான் முந்திக்கொண்டு, அப்பா எடுத்துப்போன கேமராவைக் கொண்டுவந்து டிவியில் மாட்டச் சொன்னேன். கம்ப்யூட்டர் அக்கா மாட்டினார். படகில் அப்பா. சாக்லேட் கொட்டும் இடத்தில் அப்பா. மாதா கோவில் வாசலில் அப்பா. வழியில் போனவர்களைக் கேட்டு எடுத்த படங்கள். சிலவற்றில் தலை பாதிதான் இருந்தது. எல்லாவற்றிலும் நீலப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அந்த ஊரில் திருடர்கள் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் சொன்ன ஒன்றைக்கூட அவர் விடவில்லை என்ற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

படகுப் படம் மறுபடி வந்தபோது பெரியப்பா எழுந்துவிட்டார்.

"ஏண்டா, இங்க குடும்பமே நடுத்தெருவுக்கு வரப்போவுது. உனக்குப் படகு சவாரி கேக்குதா?"

"டிக்கெட்ட மாத்த முடியலீங்கண்ணா. ரூம்புல உக்காந்திருக்க முடியலீங்க. புள்ள சொல்லியுட்டது ஞாபகம் வந்துச்சு. அதையாச்சும் பண்ணலாம்னு..."

பெரியப்பா சாக்லேட்டை டிவி மேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அதற்கப்புறம் வெகுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பா தொழிலைக் கெடுத்துவிட்டு ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார் என்று சொந்தத்தில் பேச்சானது. நானும் பள்ளிக்கூடத்தில் அதையேதான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெட்டிகள் ஹாலைவிட்டுப் போயின. மலிவுத் துணி விற்கும் காதர்பேட்டையிலிருந்து வந்த ஆள் எடை போட்டு அள்ளிக்கொண்டு போனான். பிறகு மிஷின்கள் போயின. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து தைத்துக்கொண்டிருந்த அக்காமார் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ட்டு வாரோம்க்கா" என்று அழுதார்கள். கீழே விளக்குப் போட்டால் வெறும் தரைதான் தெரிந்தது. அப்பா கீழே இறங்குவதையே நிறுத்திவிட்டார். காலையில் எழுந்ததும் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கை கழுவியதும் மறுபடி மேலே.

எனக்கு அது நல்ல காலம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மாடியில் அப்பா இருப்பார். கம்பெனி நடந்த நாளில் அவரைப் பார்ப்பதே அபூர்வம். கொலோன் கதையைச் சொல்லச் சொல்லி நச்சரிப்பேன். ஒரு மாலை, அம்மா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, மாதா கோவில் கோபுரத்தில் ஏறிய கதையை அப்பா சொன்னார்.

"சுத்திச் சுத்திப் படி கண்ணு. ஏறுனேன், ஏறுனேன், ஏறிக்கிட்டே இருந்தேன். பையையும் தூக்கிட்டுத்தான். மேல போயிப் பாத்தா ஆறு, பாலம், ரயிலு எல்லாம் பொம்மையாட்டத் தெரியுது."

"அப்பறம்?"

"அப்பறம் எறங்க மனசே வரல. எல்லாரும் எறங்கிப் போய்ட்டாங்க. பூட்டற நேரமாயிப்போச்சு. காவலுக்கு நின்ன ஒருத்தரு வந்து என்னமோ சொன்னாரு. எனக்கு வெளங்கல. அப்பறம் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தாரு. கீழ தரைக்கு வர்ற வரைக்கும் வுடவே இல்ல."

"அவ்வளவு நல்லாவாப்பா இருந்துச்சு?"

"ஆமாங்க கண்ணு."

அம்மா கொடிக் கயிற்றருகே அப்படியே நின்றுவிட்டாள். கையிலிருந்து கீழே விழுந்த துணியை அவள் எடுக்கவில்லை.

"ஏனுங்க, மேல தடுப்பு எதாச்சும் இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"சுத்தியும் கம்பிவலை போட்டிருந்தான்" என்றார் அப்பா.

மறுநாளிலிருந்து அம்மாவின் போக்கு மாறியது. பள்ளிக்கூடப் பையை இறக்கி வைப்பதற்குள், "மேல போ சாமி, அப்பாகூட இரு" என்பாள். வீட்டுப்பாடத்தை மாடியிலேயே எழுதினேன். பகலில் நான் இல்லாதபோது கீரை ஆய்வது, மாவு சலிப்பது எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோய்ச் செய்தாள். வெயிலில் எதற்கு என்று பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். எங்கள் மாடியின் கைப்பிடிச் சுவர் என் இடுப்பு உயரம்தான்.

இரண்டு மழைக்காலம் போன பிறகு அப்பா வேறொரு கம்பெனிக்கு, தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்தார். இன்றும் போகிறார். பெரியப்பாவும் பேசுகிறார், தோப்பு பாங்கோடு போய்விட்ட பிறகும். ஆனால் ஜெர்மனி பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அப்பா மொட்டைமாடியிலேயே இருந்த அந்த நாட்களில் ஒரு மாலை மட்டும் நான் மாடிக்குப் போகவில்லை. மறுநாள் பரீட்சை. "இன்னைக்கு மட்டும் கீழயே படிச்சுக்கறேம்மா" என்று அடம்பிடித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா தோசைக்கல்லில் மாவை ஊற்றியிருந்தாள். அடுப்பை அணைக்காமல் படியேறி ஓடினாள். என்னவோ ஏதோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அப்பா சுவரோரம் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மாவுக் கையோடு அவர் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் வீதியில் ரயில் விளையாடும்போது முன்னால் இருப்பவரின் சட்டையை அப்படித்தான் பிடித்துக்கொள்வோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, கூ என்று ஊதினேன்.