புளியங்கொட்டைப் பாடம்

திருவள்ளூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான எங்கள் விடுதிப் பள்ளியில் விக்டோரியா டீச்சர் செவிப் பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்த நாள் 13.7.1970. அவருக்கு வயது இருபத்து நான்கு. பிள்ளைகள் பதினொரு பேர். நான் அங்கே எழுத்தர்.

அவருடைய பாடத்தில் பிள்ளை சுவரைப் பார்த்து உட்காரும். மார்பில் காதுக் கருவியின் பெட்டி, கையில் ஒரு புளியங்கொட்டை. பின்னாலிருந்து டீச்சர் தாம்பாளத்தைத் தட்டுவார். சத்தம் கேட்டால் கொட்டையை டப்பாவில் போட வேண்டும். பழவேற்காட்டு மீனவர் முனிகிருஷ்ணனின் மகள் குப்பாயி, ஆறு வயது, முதல் கொட்டையைப் போட்டது நாற்பத்தேழாம் நாள். மூன்றரை வருடத்தில், பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தாள், பேசவும் செய்தாள்.

5.2.1974 அன்று ஆய்வாளர் தேசப்பன் வந்தார். குப்பாயியின் பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டினார், கொட்டை விழுந்தது. மெல்லத் தட்டினார், அதற்கும் விழுந்தது. மகிழ்ந்துபோய்ப் பாராட்டிவிட்டு, "காது கேட்கும் பிள்ளைக்கு இங்கே இடமில்லை" என்று எழுதினார். விதிப்படி ஒரு வாரத்தில் மறுசோதனை. அதிலும் கேட்டால் பெயர் நீக்கம்.

"பெட்டியக் கழட்டிட்டா இடி விழுந்தாக்கூடத் தெரியாது சார்."

"கண்ணாடி போட்டவனக் குருடன்னு எழுதுவோமா டீச்சர்?"

மறுநாள் முனிகிருஷ்ணன் வந்தார். ஊர்ப் பள்ளியில் ஏற்கெனவே அவளைச் சேர்க்க மறுத்திருந்தார்கள்.

"இன்னா டீச்சரம்மா, அங்க கேக்கலன்னு சேக்கல. இங்க கேக்குதுன்னு தொரத்துறீங்க. எம் பொண்ணு எங்கதான் குந்துறது?"

டீச்சர் குப்பாயியைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். அன்றே புதுப் பாடம் தொடங்கினார்: சத்தம் கேட்டாலும் கொட்டையைப் போடக் கூடாது. குப்பாயி போட்டுவிட்டுப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் போட்டாள். நான்காம் நாள் அழுதாள்.

"கேக்குது டீச்சர்!"

"கேக்கட்டும்டி. யாரு வேணாம்னது? கொட்டைய மட்டும் வுடாத."

ஒன்றைக் கற்பிக்க நாற்பத்தேழு நாள் எடுத்தவர், அதை மறைக்க ஆறே நாளில் கற்பித்தார். அவருடைய பணிக்காலத்தில் இதைவிட வேகமான தேர்ச்சி பதிவாகவில்லை.

12.2.1974 அன்று தேசப்பன் பன்னிரண்டு முறை தட்டினார். கடைசித் தட்டில் வாசலில் நின்ற காவலாளியே திடுக்கிட்டார். குப்பாயியின் கை மூடியே இருந்தது.

ஆய்வாளர் இரண்டு வரி எழுதினார். "மாணவி முழுச் செவிடு, பள்ளியில் தொடரலாம். மூன்றரை வருடப் பயிற்சியால் பலன் ஏதுமில்லை; பயிற்சி ஆசிரியை பணியிடம் தேவையற்றது."

டீச்சர் இரண்டாம் வரியை இரண்டு முறை படித்தார். நான் நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"சும்மா இருங்க சார். மொத வரி அழிஞ்சிடப் போவுது."

குப்பாயி அவர் புடவையைப் பிடித்து இழுத்தாள். "நல்லா பண்ணேனா டீச்சர்?"

"நூத்துக்கு நூறு."

31.3.1974 அன்று அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில், தொழிலாளர் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் வேலை கிடைத்தது.

குப்பாயி எட்டாம் வகுப்பு முடித்து 1979 மே மாதம் வெளியேறினாள். அதுவரை எங்கள் பார்வையாளர் பதிவேட்டில் விக்டோரியாவின் கையெழுத்து நூற்றுப் பதினெட்டு முறை இருக்கிறது. அவர் வந்த நாட்களில் தாம்பாளச் சத்தம் அலுவலகம் வரை வரும். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் "சும்மா" என்றே எழுதியிருக்கிறார்.