ஓடுதண்டுக்காகக் கிள்ளிய பூக்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் என் மனைவியும் திருவானைக்காவலில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். வீட்டிலும் வாத்தியார்தான், கோளாறே அதுதான்.

"மண்ணு கிண்ணு மாடிக்கு ஏத்தாதீங்க சார், தளம் ஒழுகும்" என்று கீழே இருந்த வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு வீம்பு வந்துவிட்டது. மண்ணே இல்லாமல் வளர்த்துக் காட்டுகிறேன் என்று மலைக்கோட்டைக் கடைத்தெருவில் பிளாஸ்டிக் தொட்டிகள் வாங்கினேன். அவற்றை மொட்டைமாடியில் வைத்து, கழுவிய செங்கல் ஜல்லியை நிரப்பி, உர உப்புகளைத் தண்ணீரில் கரைத்துக் காலையும் மாலையும் ஊற்றினேன். அடியில் வடிவதைப் பிடித்து மறுபடியும் ஊற்றவேண்டும். ஹைட்ரோபோனிக்ஸ் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். "ஜல்லிக்குச் சாப்பாடு போடுறாரு" என்பாள் அவள்.

ஐப்பசியில் கொடைக்கானல் போய்வந்த சக ஆசிரியர் மூன்று ஸ்ட்ராபெரிச் செடிகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். என் மனைவிக்கு அப்போதே இதயத்தில் வால்வு கெட்டிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஸ்ட்ராபெரிப் பழத்தை அவள் ஜாம் பாட்டில் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு ஒண்ணாவது பழுத்துடுமாங்க?" என்று கேட்டாள்.

கார்த்திகையில் வெள்ளைப் பூக்கள் வந்தன. அவள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டேன். பதறிப்போனாள்.

"செடியில இருக்கிற சத்து கொஞ்சந்தான். பூவுக்குப் போனா, நுனியில புதுச் செடி விடுற ஓடுதண்டுக்குப் போகாது. இப்ப செடியைப் பெருக்கிட்டா, அடுத்த வருஷம் கூடை கூடையாச் சாப்பிடலாம்" என்று பாடம் நடத்தினேன்.

"அடுத்த வருஷமா?" என்றாள்.

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. டாக்டர் என்னிடம்தான் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று நான் அடித்துச் சொல்லச் சொல்ல, அவளுக்கும் அப்படி ஒரு வருஷம் நிச்சயமாகிவிடும் என்று நம்பினேன். பயந்தவன் புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது.

தை மாதத்தில் ஒருநாள், ஒரு செடியின் பெரிய இலைக்குக் கீழே பச்சைப் பிஞ்சு ஒன்று இருந்தது. இலையை யாரோ இழுத்து மூடிவிட்டிருந்தார்கள். யாரோ என்ன, அவள்தான். எனக்குக் கோபம் வந்தது. அதையும் கிள்ளினேன். "உங்க கண்ணுல படாதுன்னு நினைச்சேன்" என்று சிரித்தாள். நினைத்தால் இன்றும் என் விரலை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

மாசியில் ஓடுதண்டுகள் நீண்டன. நுனியில் குட்டி இலைகள் விட்ட இடத்தைப் பக்கத்துத் தொட்டி ஜல்லியில் படியவைத்து, அவளுடைய கொண்டை ஊசியால் குத்தி நிறுத்தினேன். வேர் பிடிக்கும்வரை தாய்ச்செடியிலிருந்து வெட்டக்கூடாது, அவசரப்பட்டால் வாடிப்போகும். இரண்டு மூன்று வாரம் பொறுத்து, லேசாக இழுத்துப் பார்த்து, ஆடாமல் நின்ற பிறகே வெட்டினேன். புதிதாக எட்டுச் செடிகள் கிடைத்தன. அவளைப் படியேற விடாமல், ஒவ்வொரு தொட்டியாகக் கீழே தூக்கிவந்து காட்டினேன். "நல்லா இருக்கு" என்றாள்.

பங்குனி வெயிலில் தொட்டித் தண்ணீர் கை பொறுக்காத அளவுக்குச் சுட்டது. ஈரச் சாக்கு போட்டேன், தென்னங்கீற்று கட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. வேர்கள் பழுப்பாகிக் கொழகொழத்தன. தாய்ச்செடி, குட்டிச்செடி எல்லாம் ஒரே வாரத்தில் போயின.

அந்த வாரம்தான் அவளை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். கால் வீங்கி, தலையணைகளில் சாய்ந்தபடியே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். செடிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டாள்.

"ஒண்ணு பூத்திருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைக் கிள்ளிடாதீங்க."

"மாட்டேன்."

"சத்தியமா?"

சத்தியம் செய்தேன். அன்று சாயங்காலம் டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். மறுநாள் விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.