காசிராஜனுக்கு ஒரு முகம்

ஜெயபாயின் அப்பா வெகுகாலம் ஒரு பித்தளைச் சொம்பாக இருந்தார்.

காசிராஜன் பர்மாச் சண்டைக்குப் போனபோது ஜெயபாய் அம்மா வயிற்றில் இருந்தாள். அவர் செத்துப்போன செய்தி மட்டும் ராஜபாளையத்துக்கு வந்தது. உடலும் வரவில்லை, இறந்த நாளும் தெரியவில்லை. நாள் தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசைதான். படமும் கிடையாது என்பதால் சொம்பில் தண்ணீர் நிரப்பி, விபூதி பூசி, கழுத்தில் துண்டைச் சுற்றி, அதன் முன்னால் இலை போடுவார்கள். கும்பிட்டு முடிந்ததும் சொம்பு அடுப்படிக்குத் திரும்பிவிடும்.

எண்பத்தாறில் ஜெயபாய் மகளுக்குக் கல்யாணம் கூடியது. புதுச் சம்பந்தக்காரர்கள் முன்னால் சொம்பைக் காட்டி, இவர்தான் என் அப்பா என்று சொல்ல அவளுக்கு மனமில்லை. மில்லில் ஷிப்டு முடிந்து வந்தவள் தன் அம்மா ஆவுடையம்மாளிடம் கேட்டாள்.

“அப்பா மூஞ்சி எப்படிம்மா இருக்கும்?”

“மாமியா வீட்டுல விடியமுன்ன போவாக, இருட்டுன பொறவு வருவாக. மூஞ்சிய எங்கட்டி பாத்தேன்?”

ஸ்ரீவில்லிபுத்தூரில் படம் வரைகிற சோலைச்சாமி, ஜாடைக்கு யாரையாவது கூட்டிவரச் சொன்னார். காசிராஜனுக்கு ஒரே தம்பி, தனுஷ்கோடி. அவருடைய மூக்கு பிரசித்தம். ராஜபாளையத்தில் அவர் பஸ் ஏறும்போதே மூக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகம் போய் இறங்கிவிடும் என்று பக்கத்து வீட்டில் இருந்த நானே தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அந்த மூக்கைப் போட்டோ பிடித்து, சோலைச்சாமி அதன் மேல் வரைந்தார். நரையைக் கறுப்பாக்கினார், பட்டாளத்துத் தொப்பி வைத்தார். கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளை அழிக்க மறந்துவிட்டார். ஆக, இருபத்திரண்டு வயதில் செத்தவருக்கு அறுபது வயதுக் கண்.

படத்தைச் சுவரில் மாட்டியதும் ஆவுடையம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“இது கொழுந்தன்லா.”

ஜெயபாய் ரோஜா மாலையை எடுத்தாள். தனுஷ்கோடி கையை மறித்தார்.

“ஏட்டி, நான் குத்துக்கல்லாட்டம் நிக்கேன். என் மூக்குக்கு மாலையா?”

“இது அப்பா, சித்தப்பா.”

“தொப்பி உங்கப்பனுது. மத்ததெல்லாம் என்னுது. நான் போன பொறவு எம்புட்டு மாலை வேணும்னாலும் போடு.”

மாலை திரும்பவும் வாழை இலைக்குள் போனது. கல்யாணம் நடந்தது. படம் மாலையில்லாமலே தொங்கியது. ஆடி அமாவாசைக்கு அதன் கீழே இலை மட்டும் போடுவாள். பூ வைக்கக் கை போகும், திரும்பிவிடும். விளக்கும் பூவும் இல்லாததால் வந்தவர்களெல்லாம், இவர் எந்த ஸ்டேஷனில் ஏட்டு என்று விசாரித்தார்கள். ஜெயபாய் ஏதாவது ஒரு ஊரைச் சொல்லிவைத்தாள். அப்பாவுக்கு மாலை விழ வேண்டுமென்றால் சித்தப்பா சாக வேண்டும். அவர் வரும்போதெல்லாம் படத்தைப் பார்த்து, “இன்னும் இருக்கேன்” என்பார். அவள் காபி கொடுப்பாள்.

தொண்ணூற்று மூன்று சித்திரையில் தனுஷ்கோடி போய்விட்டார். சேதி கேட்டு, ஜெயபாய் இரண்டு மாலை வாங்கினாள். ஒன்றைச் சித்தப்பாவுக்குப் போட்டுவிட்டு, மற்றதோடு வீட்டுக்கு வந்து ஸ்டூலில் ஏறினாள். பின்னாலேயே சித்தப்பா மகன் பேச்சிமுத்து வந்தான்.

“யக்கா, அப்பாவுக்கு வேற படமில்ல. அன்னிக்கு நீ மாலையோட நின்ன பொறவு, போட்டோக்காரனக் கண்டாலே துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டாரு. இதத்தான் தரணும்.”

அவள் மாலையைக் கையில் மாட்டிக்கொண்டாள். பிறகு படத்தைக் கழற்றிக் கொடுத்தாள். சோலைச்சாமி தொப்பியை அழித்துத் தலைமுடி போட்டார், பாதி நரையும் வைத்தார். கருமாதிக்கு வந்தவர்கள் அச்சு அசல் அவரேதான் என்றார்கள். அது உண்மைதான்.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு ஜெயபாய் சொம்பைப் புளி போட்டு விளக்கினாள். தண்ணீர் நிரப்பினாள். படம் தொங்கிய ஆணிக்குக் கீழே வைத்தாள். சித்திரையில் வாங்கிய மாலை நாராகிப்போயிருந்ததால் புதிதாக ஒன்று வாங்கியிருந்தாள். அதைப் போட்டதும் சொம்பு வெளியே தெரியவில்லை.

“மூஞ்சி தெரியலையேட்டி” என்றாள் ஆவுடையம்மாள்.

ஜெயபாய் மாலையைக் கொஞ்சம் விலக்கிவிட்டாள். இலை போட்டுச் சோறு வைத்தாள். பிறகு இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பினாள்.