பஸ் திரும்பும் இடம்

பஞ்சம்மாள் அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் கம்பெனி வேன் ஊர் எல்லையில் இறக்கிவிட்டதும் நாங்கள் வீட்டுக்கு நடப்போம். காளியம்மன் கோயில் வாசல் வந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வோம். வாசலைத் தாண்டியதும் நாங்கள் போட்டுக்கொள்வோம். அக்கா மட்டும், கோயிலுக்கு எதிரே நின்ற இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்களையும் தாண்டிய பிறகுதான் போடுவார். பல வருடங்களாகப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேன்.

"ஆத்தாளுக்குக் களட்டலைன்னாக் கூட, போறா கழுதன்னு விட்ருவா. இவுக ரெண்டு பேருக்கும் களட்டலைன்னா ரேசன் கார்டுல பேரு இருக்காது புள்ள" என்றார்.

சிரிக்காமல்தான் சொன்னார். நான் வீட்டுக்குப் போய்ச் சிரித்தேன்.

எங்கள் ஊர் தாயில்பட்டிக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. முன்பு எல்லோரும் காட்டு வேலைக்குப் போனவர்கள். மழை இல்லாமல் போகப் போக ஆணும் பெண்ணும் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போக ஆரம்பித்தோம். நானும் அக்காவும் ஒரே அறையில் சரவெடி பின்னுகிறோம். அவர் கதவோரம், நான் எதிரே. அவர் கை நிற்காமல் போகும். வாய் எப்போதாவதுதான் திறக்கும். திறந்தால் அந்த அறையில் மற்றவர்கள் கை கொஞ்ச நேரம் நின்றுவிடும்.

ஊரில் பள்ளிக்கூடம் ஐந்தாவது வரைக்கும்தான். அதன் முதல் அறையைச் சித்திரைப் பொங்கல் வரியில் மிஞ்சியதை வைத்துக் கோயில் கமிட்டிதான் கட்டியது. அடுத்த அறை ஒரு கட்சி ஆட்சியில் வந்தது. தண்ணீர்த் தொட்டி இன்னொரு கட்சி ஆட்சியில் வந்தது. கோயிலும் கட்சியும் கை வைக்காமல் எங்கள் ஊருக்கு எதுவும் வந்ததில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆனால் ஆறாவது படிக்கத் தாயில்பட்டிக்குத்தான் போக வேண்டும். பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். ரோடு வரைக்கும் வழியெல்லாம் கருவேலங்காடு. நடுவில் கம்பெனிகளுக்கு லோடு ஏற்ற வருகிற லாரிகள். பையன்கள் சைக்கிளில் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் ஐந்தாவது முடித்ததும் வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவார்கள். நானும் அப்படி நின்றவள்தான்.

அக்காவின் மகள் ரோஜா. எதைப் படித்தாலும் சத்தமாகப் படிக்கிற பிள்ளை. கடையில் மடித்துத் தருகிற காகிதத்தைக்கூட விடாது. அவள் நாலாவது படிக்கும்போதே அக்கா முடிவு செய்துவிட்டார். பிள்ளை ஆறாவது போக வேண்டும். அதற்குள் ஊருக்குள் பஸ் வர வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு விருதுநகருக்கு பஸ் ஏறி, சூலக்கரையில் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு மாதம் கழித்து பஸ் டிப்போவிலிருந்து ஒரு அதிகாரி நிஜமாகவே வந்தார். கோயில் முன்னால் நின்று சுற்றிப் பார்த்தார். அங்கேதான் தெருக்கள் சேருகின்றன, பஸ் திரும்புவதென்றால் அங்கேதான் திரும்ப முடியும். ஆனால் நடுவில் சிமெண்டு மேடையில் அம்மனின் சூலம் நின்றது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு கட்சியின் கொடிக்கம்பம், அந்தப் பக்கம் மற்றக் கட்சியின் கம்பம். இரண்டுக்கும் ஆள் உட்காருகிற அளவுக்குப் பீடம்.

"ரோட்டுக்கு ஒரு குறையும் இல்லம்மா. இது மூணும் ஓரமாப் போச்சுன்னா காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை விட்டுரலாம்" என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

கம்பங்களில் ஒன்று முனியராஜுடைய கட்சி. இன்னொன்று சங்கரபாண்டியன் கட்சி. இரண்டு பேரும் அக்காவைவிட இளையவர்கள். அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முனியராஜிடம் போய்க் கேட்டார். "அவன் எடுக்கட்டும்க்கா, அடுத்த நிமிசம் நான் எடுக்கேன்" என்றான். சங்கரபாண்டியனும் அதையே சொன்னான். கோயில் கமிட்டித் தலைவர் பலவேசம் அண்ணாச்சி, பலசரக்குக் கடை வைத்திருப்பவர், "சூலம் நட்ட எடத்தை நாம மாத்துறதா? ஊருக்கு ஒண்ணுன்னா நீயா பதில் சொல்லுவ?" என்று கேட்டார்.

அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அவர் தலையை ஆட்டிவிட்டு வந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

அந்த வருடம் கமிட்டியில் அம்மனுக்குப் புதுச் சப்பரம் செய்வதாகப் பேச்சு வந்தது. பொங்கலன்று அம்மனை வைத்து ஊரைச் சுற்றி இழுத்து வருகிற சப்பரம். மகளிர் குழுக்களும் அதற்குப் பங்கு தந்தன. குழுவின் சார்பில் அக்கா போய், "செய்யிறதுதான் செய்யிறீக, பெருசாச் செய்யுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தார். அகலமாகச் சப்பரம் வந்தால் அந்த முக்கில் திரும்பாது. அம்மனுக்காகக் கம்பத்தை நகர்த்த மாட்டோம் என்று எந்தக் கட்சியாலும் சொல்ல முடியாது. இதை என்னிடம் மட்டும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சப்பரம் வந்தது. அகலத்தில் பழையது போலவே இருந்தது. உயரத்தில் மட்டும் பக்கத்து ஊர்ச் சப்பரத்தைவிட ஒரு ஆள் உயரம் கூட. ஆண்களுக்குப் பெரிசு என்றால் மேலே போவது என்று நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை. அது தட்டாமல் போக, மின்சார வாரியத்து ஆட்கள் வந்து தெருவுக்குக் குறுக்கே போன ஒயரைத் தூக்கிக் கட்டினார்கள். அதற்கு இரண்டு கட்சியும் போட்டி போட்டு அலைந்தது. சப்பரம் சூலத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் சிரமமில்லாமல் போனது.

அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "ஒயரு மேல போயிருச்சு. பஸ்ஸுக்கு றெக்கை கட்டுனா வந்துரும்" என்றார்.

அடுத்த வருடம், 2006. ரோஜா ஐந்தாவது முடிக்கப் போகிறாள். சித்திரைப் பொங்கலும் சட்டமன்றத் தேர்தலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. சுவரெல்லாம் சின்னம். இரண்டு கம்பத்துக்கும் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தேர்தல் நேரத்தில் யார் கம்பத்தைத் தொட விடுவார்கள்?

பொங்கலுக்கு முளைப்பாரி போடுவது எங்கள் ஊர் வழக்கம். பெண்கள் மண் சட்டிகளில் தானியம் விதைத்து, இருட்டறையில் வளர்த்து, கடைசி நாளில் தலையில் சுமந்துபோய் ஊருணியில் கரைப்போம். அந்தச் சட்டியில் அம்மனே இருப்பதாக நம்பிக்கை. தலையில் ஏற்றிவிட்டால் தண்ணீரில்தான் இறக்க வேண்டும். நடுவழியில் தரையில் வைக்கக் கூடாது. சுமக்கிறவளை யாரும் தொடவும் கூடாது. முன்னால் போகிறவள் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். அந்த வருடம் முன்னால் போனது பஞ்சம்மாள் அக்கா. அடுத்தது நான்.

மேளம் அடித்துக்கொண்டு வந்தோம். கோயில் முன்னால், சூலத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் அக்கா நின்றார். நானும் நின்றேன். கால் சுட்டது. மேளக்காரர் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து நிறுத்தினார்.

பலவேசம் அண்ணாச்சி வேகமாக வந்தார். "ஏன் நின்னுட்டீக? நடங்கத்தா, வெயிலு ஏறுது."

"நடக்கத்தான் போறோம் அண்ணாச்சி. பஸ்ஸு திரும்புற எடத்தைப் பாத்துட்டுப் போறோம்."

"பஸ்ஸா? எங்கன இருக்கு பஸ்ஸு?"

"அதைத்தான் நாங்களும் கேக்கோம். எங்கன?"

பின்னால் பெண்கள் சிரித்துவிட்டார்கள். பாரிகள் வரிசையாக ஆடின. அண்ணாச்சியின் முகம் சிவந்தது. அம்மன் எங்கள் தலையில் இருக்கும்போது திட்டவும் முடியாது.

முனியராஜ் ஓடி வந்தான். "யக்கா, தேர்தல் முடியட்டும். எங்க ஆளு ஜெயிச்சதும் மொத வேலை இதுதான்."

"ஜெயிக்கிறதாம்ல! நாங்க வந்து முடிச்சுத் தாரோம்க்கா" என்றான் சங்கரபாண்டியன்.

"ரெண்டு பேரும் ஜெயிக்க முடியாதுல்ல தம்பி? தோத்தவுக கம்பத்தை அப்ப யாரு எடுப்பா?"

"அதுக்காக ஓட்டுப் போடுற நேரத்துல கம்பத்தைப் பிடுங்கச் சொல்றீகளே, சகுனம் என்னத்துக்காகும்?" என்றான் முனியராஜ். அது அவன் நிஜமாகப் பயந்து சொன்னது. சங்கரபாண்டியனும் தலையை ஆட்டினான். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியும் ஒன்று.

"பிடுங்கச் சொல்லல. சுவரோரமாத் தள்ளி நிக்கச் சொல்றேன். பஸ்ஸுல கண்டக்டர் எங்களைத் தள்ளி நில்லு, தள்ளி நில்லுங்கான். எங்களுக்கு என்ன சகுனம் கெட்டுப் போச்சு?"

ரோஜா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொருவர் வாயிலும் ஊற்றினாள். பாரியைப் பிடித்த கையை எடுக்காமல் குடித்தோம். அக்காவின் கழுத்து நடுங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

"கட்சி கெடக்கட்டும், சூலம்?" என்றார் அண்ணாச்சி. "அதுக்கு என்ன சொல்லுத?"

அக்காவும் அம்மனுக்குப் பயந்தவர். சூலத்தைப் பார்த்தபடி நின்றார்.

கோயில் படியில் நின்ற பூசாரி ஊர்க்காவலன் உள்ளே போனார். விபூதித் தட்டும் சூடமுமாக வெளியே வந்து, சூலத்துக்குக் காட்டினார். பிறகு எங்கள் தலைகளில் இருந்த பாரிகளுக்கும் காட்டினார்.

"வெயில்ல நிக்கிறவளும் ஆத்தாதான்" என்றார். "அவளே வழி கேட்டு நிக்கையில அவ ஆயுதம் வழியை மறிக்குமா? நான் எடுத்து உள்ள வைக்கேன். குத்தம்னா என்னையக் கேக்கட்டும்."

சூலத்தை மேடையோடு பிடித்திருந்த கம்பியின் ஆணிகளை அவரே தட்டி எடுத்தார். சூலத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல மெதுவாக உள்ளே போனார். பெண்கள் குலவை போட்டோம். பூசாரியின் பேத்தியும் அந்த வருடம் ஐந்தாவது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அம்மனே நகர்ந்துவிட்டாள். இனிக் கட்சிகள் மாட்டேன் என்று சொல்ல வழி இல்லை. ஆனாலும் கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள். "அவன் போடட்டும்." "மொதல்ல அவன் போடட்டும்."

"அட, பட்டாசுக் கம்பெனிக்குப் போற பயலுக தானே நீங்க?" என்றார் அக்கா. "ஒரு வெடியைக் கொளுத்துங்க. சத்தம் கேட்டதும் ரெண்டு கடப்பாரையும் ஒண்ணா விளட்டும். யாரு முன்ன, யாரு பின்னன்னு அந்த வெடியவே கேட்டுக்கிடுங்க."

கூட்டம் கூச்சல் போட்டது. கோயிலுக்கு வாங்கி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துக் கொளுத்தினார்கள். இரண்டு பேரும் கடப்பாரையை ஓங்கியபடி நின்றார்கள். திரி எரிந்தது. புஸ்ஸென்று போய்விட்டது.

"எந்தக் கம்பெனி சரக்குலே இது?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"ஒங்க கம்பெனிதாம்லே!"

அண்ணாச்சியே சிரித்துவிட்டார். இரண்டாவது வெடி ஊர் அதிர வெடித்தது. இரண்டு கடப்பாரையும் அவரவர் பீடத்தில் விழுந்தன. எது முன்னால் விழுந்தது என்று கேட்டால் இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது.

சிமெண்டு பெயர்ந்து விழுவதைப் பார்த்த பிறகுதான் அக்கா காலை எடுத்து வைத்தார். ஊருணிக்குப் போய்ப் பாரியைக் கரைத்தோம். தண்ணீரில் இறங்கியதும் அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் என்னைப் பிடித்துக்கொண்டார். "கோவத்துல நின்னுட்டேன் புள்ள. பூசாரி வராட்டி என்ன செஞ்சிருப்பேன்?" என்று கேட்டார்.

கம்பங்கள் சுவரோரம் போயின, சூலம் இருந்த காலி மேடையையும் இடித்துவிட்டார்கள். தேர்தலில் ஒரு கட்சி ஜெயித்தது, ஒன்று தோற்றது. சகுனம் யாருக்குப் பலித்தது என்று கொஞ்ச நாள் சண்டை போட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்து பத்துப் பதினைந்து நாள் ரோஜா வீட்டிலேயே இருந்தாள். அக்கா தினமும் வேலைக்கு வந்தார். மூன்றாவது வாரம் பஸ் வந்தது. அதன் முகத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். இரண்டு கட்சியும் பேனர் வைத்தது. இரண்டிலும் பஸ் தங்களால்தான் வந்தது என்று எழுதியிருந்தது. அக்காவின் பெயர் எதிலும் இல்லை. "எம் பேரையும் போட்டா பேனர்ல எடம் பத்தாது புள்ள. பேனரை பஸ்ஸு திரும்புற எடத்தை விட்டுத் தள்ளி வச்சாப் போதும்" என்றார்.

2009 ஆகிறது. பஸ் காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் ஊருக்குள் வருகிறது. நல்ல மழை பெய்தால் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். ஐந்தாவது முடித்த பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் ஆறாவது போகிறார்கள். தீபாவளிச் சீசனில் சிலர் நின்றுவிடுகிறார்கள். ரோஜா ஒன்பதாவது படிக்கிறாள். பஞ்சம்மாள் அக்கா அதே கம்பெனியில், கதவோரம் உட்கார்ந்து சரம் பின்னுகிறார்.