துரை பெஞ்சு

மலையகத்தில், உக்குவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து வேதக்கோயில். வெள்ளைக்காரன் வேதத்தோடு அதிகாரத்தையும் சேர்த்துக் கொண்டுவந்ததைப் பற்றி அங்கே பிரசங்கம் செய்யப் போயிருந்தேன். சனங்கள் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரே ஒரு பெஞ்சு. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தோட்டத் துரை உட்கார்ந்தது. கஞ்சி போட்ட சட்டையும் தேய்ந்த செருப்புமாக வந்த, அந்தச் சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் அதைத் தன் தோள் துண்டால் மூலை மூலையாகத் துடைத்தார்.

ஆராதனை முடிந்ததும் மறுபடி துடைக்கத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் இவ்வளவு நேரம் என்ன பேசினேன்? துரை போய் எத்தனை காலமாச்சு! இன்னும் யாருக்காகத் துடைக்கிறீங்க?”

“பிரசங்கத்துக்கு வாரவங்களுக்குத்தாங்க ஐயா. காலையில நீங்களும் இதுலதானே உக்காந்தீங்க?”

குத்திக்காட்டினாரா, மரியாதையாகச் சொன்னாரா? இன்றும் எரிகிறது. பாயில் இடம் இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை.