தயிர்ச்சட்டியோடு ஏறும் முதலாளி

உசனார் முதலாளி பஸ்ஸில் ஏறியதும் முதலில் செருப்பைக் கழற்றுவார். விரல்களை அகல விரித்து இரண்டு பாதங்களையும் தரைப்பலகையில் பதிப்பார். பிறகு மடியில் தயிர்ச்சட்டியை வைத்து, இறுகப் பிடிக்காமல், உறங்கும் பிள்ளையின் கன்னத்தைத் தொடுவதுபோல உள்ளங்கைகளை இருபுறமும் வைத்துக்கொள்வார். பட்டணம் போய்ச் சேரும்வரை வாய் திறக்கமாட்டார்.

காத்தான்குடியில் அவருக்கு மூன்று பஸ்கள் ஓடின. மாரி முடிந்து ரோட்டில் பள்ளம் விழுந்திருக்கும் நாட்களில், ஒவ்வொரு சாரதியோடும் களுவாஞ்சிக்குடியிலிருந்து இப்படி ஒருமுறை வருவார். அன்று புதுச் சாரதி குஞ்சித்தம்பியின் முறை. ஏறுகிறவர்கள் எல்லாரும் அவனுடைய ஓட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நேரம். வண்டில் மாடுகளை விற்றுத்தான் அவன் லைசன் எடுத்திருந்தான். இந்த வேலையும் போனால் திரும்பிப் போக மாடுகளும் இல்லை.

"குஞ்சித்தம்பி, இண்டைக்குத் தயிர்ச் சோதினையா?" என்று பின்னாலிருந்து மீன்காரி இரத்தினம்மா குரல் கொடுத்தாள். "மோராக்கிப் போடாத மனே!"

பஸ் சிரித்தது.

கல்லடிப் பாலம் தாண்டி, பட்டணத்தில் பஸ் நின்றதும் முதலாளி சட்டியை மூடியிருந்த வாழையிலையை நீக்கினார். நெடுநேரம் பார்த்தார். சட்டியின் இடமும் வலமும் தயிர் அசையாமல் இருந்தது. முன்விளிம்பில் மட்டும் ஏறி வழிந்திருந்தது. பின்பக்கம் விலகி, வெடிப்பில் தண்ணீர் கசிந்திருந்தது.

"வளைவெல்லாம் வடிவா எடுத்திருக்கிறாய். பள்ளத்தையும் பாத்து இறக்கியிருக்கிறாய்," என்றார். "மதகுப் பாலம் வந்தா மட்டும் சடாரெண்டு பிரேக்க மிதிக்கிறாய். ஏன்?"

"தெரியா முதலாளி."

"எனக்குத் தெரியும். மதகக் கண்டா மாடு மிரளும். கயித்த இழுத்துப் பழகின கையெல்லோ ஒனக்கு? அந்தப் பயம் இப்ப காலுக்கு இறங்கிட்டு. ஒன்ட பிழையில்ல, மாட்டுட பிழை."

குஞ்சித்தம்பிக்குள் அவனே காணாத ஒன்றை, வெண்மையான ஒரு வெடிப்பில் இந்த மனிதர் எப்படிக் கண்டார்? எத்தனை வருடம் ஸ்டியரிங் பிடித்த கையோ என்று எண்ணி, அவருடைய பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப வேலய விட்டு வீட்ட போகட்டா முதலாளி?"

"வீட்டயா? நாளைக்கு விடிய கனகசிங்கத்தோட வெறும் பஸ்ஸக் கொண்டு போ. மதகு மதகா ஏறி இறங்கு. கால் மாட்ட மறக்குமட்டும் ஓடு. சம்பளம் வரும்."

கனகசிங்கம் பழைய சாரதி. ஒவ்வொரு மதகிலும், "மாடு இல்ல மச்சான், இரும்பு!" என்று குஞ்சித்தம்பியின் தொடையில் தட்டினான். கால் மெல்லமெல்ல மறந்தது. அடுத்த மாரிக்குப் பிறகு முதலாளி இலையை நீக்கியபோது, தயிர் கட்டியபடியே இருந்தது. சீனி வாங்கிவரச் சொல்லி, பஸ்ஸில் வந்த எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்தார். இரத்தினம்மா இரண்டுமுறை கை நீட்டினாள்.

யுத்தகாலத்தில் முதலாளி மௌத்தானார். அடக்கம் முடிந்து திரும்பும்போது குஞ்சித்தம்பி, முதலாளியின் மகன் ஹலீமிடம் கேட்டான்:

"முதலாளி எந்த ஊரில பஸ் ஓடினவர் தம்பி?"

ஹலீம் நின்றுவிட்டான்.

"வாப்பாவா? ஒருநாளும் ஓடினதில்லயே. வெள்ளாவெளியில இருந்து காத்தடிக் கம்பில தயிர்ச்சட்டி கட்டி, தோளில சுமந்து வித்தவர். மதகில வண்டில் மாடு மிரண்டு இடிச்சு, ஒருக்கா அவ்வளவு சட்டியும் உடைஞ்சதாம்."