பின்சீற்றில் இருந்த ராசாக்கள்

மினிபஸ் ஓட்டுகிறவனுக்குக் கண் முன்னாலே, காது பின்னாலே. பள்ளிக்கூட வான், ஆஸ்பத்திரி வான், முதியோர் வான் என்று ஆட்களை ஏற்றி இறக்கிப் பிழைக்கிற உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. வீதியில் வருகிற இடைஞ்சலை பிரேக் போட்டு நிறுத்தலாம். பின்சீற்றில் நடக்கிற கதைக்கு பிரேக் கிடையாது.

என் பஸ் லண்டனில், வால்தம்ஸ்டோவில் தொடங்கி, நோர்த் சேர்குலர் வீதியில் ஊர்ந்து, இல்போர்ட் பக்கம் போகும். அங்கே யூத முதியவர்களுக்கான ஒரு பகல்நேர நிலையம். சூப், சீட்டாட்டம், கதிரையில் இருந்தபடி உடற்பயிற்சி. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அரசர் வகுப்பு. பழைய இஸ்ரவேல் ராசாக்களைப் பற்றி மிஸ்டர் லெவின் பேசுவார். எபிரேயப் பள்ளியில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். பேசப் போவதை பஸ்ஸிலேயே ஒருதரம் பேசிப் பார்ப்பார். அவருக்கு எதிர்க்கட்சி மிஸஸ் ரூத். ஹக்னியில் பிறந்து வாழ்நாள் முழுக்கக் கோட் தைத்தவர். பின்னால் இருந்து இவர்களைக் கவனிக்கிற வேலை அப்டன் பார்க்கிலிருந்து வருகிற குமுதாவுக்கு. நான் யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த சைவக்காரன் என்பதால் ராசாக்களின் பெயர்களாவது தெரியும். அவர்கள் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில்தான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்து ஆட்கள் மாதிரித் தெரிந்தால் பிழை அவர்களுடையதல்ல.

பாட்டுக் கட்டின ராசா

அன்றைக்குத் தாவீது. "ஆடு மேய்ச்ச பொடியன்," என்று மிஸ்டர் லெவின் தொடங்கினார். "பிரிஞ்சு கிடந்த கோத்திரங்களை ஒண்டாக்கினான். எருசலேமைப் பிடிச்சுத் தலைநகராக்கினான். செத்த வீட்டிலையும் கலியாண வீட்டிலையும் நாங்கள் சொல்லுற சங்கீதப் பாட்டுகள் அவன் கட்டினதெண்டுதான் எங்கடை நம்பிக்கை. மீட்பர் வந்தாலும் அவன்ரை வம்சத்திலைதான் வருவார். கோயில் கட்ட மட்டும் கடவுள் விடேல்லை. கையிலை அவ்வளவு ரத்தம்."

"உரியாவை விட்டிட்டீர்," என்றார் மிஸஸ் ரூத். உரியா தாவீதின் படைவீரன். அவன் மனைவியை ராசா எடுத்துக்கொண்டு, அவனைச் சாகட்டும் என்று சண்டையின் முன்வரிசைக்கு அனுப்பினார். மிஸ்டர் லெவின் விட்டுக்கொடுக்கவில்லை. "அதுக்குத் தாவீது அழுது மன்னிப்புக் கேட்டவன். அந்த அழுகையும் ஒரு சங்கீதம்."

எங்கள் ஊரிலும் சண்டைக்குப் பாட்டுக் கட்டினவர்களுக்குக் குறைவில்லை. நான் கியரை மாற்றினேன். மிஸஸ் ரூத் கைப்பையை மூடிக்கொண்டு சொன்னார்: "பிழை விட்டவனுக்குப் பாட்டு வந்தால் அவன்ரை அழுகை மிஞ்சும். உரியாவின்ரை அம்மா அழுதது எந்தப் பாட்டிலை இருக்கு?"

நான் ராசாவாயிருந்தனான்

மிஸ்டர் ஐசக்குக்கு மறதி நோய். ஒருகாலத்தில் மேசை கதிரை செய்கிற தளபாடத் தொழிற்சாலை வைத்திருந்தவர். நான் வீட்டு வாசலில் பெல் அடித்தால் கதவைத் திறந்து முதலில் சொல்வது, "எனக்குக் கீழை எத்தினை பேர் வேலை செய்தவை தெரியுமோ?" என்றுதான். தெரியும் என்பேன். பஸ்ஸில் ஏறினதும் திரும்பச் சொல்வார். ஒருநாள் நிலையத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெடியன் அவருக்கு முன்னாலேயே சிரித்துவிட்டான்.

திரும்பி வரும்போது மிஸ்டர் லெவின் சாலமன் கதை சொன்னார். வேதத்தில் இல்லாத கதை, பிறகு வந்த ஞானிகள் சொன்னது. எருசலேமில் கோயிலைக் கட்டி முடித்து, கப்பல் விட்டு, உலகமே வந்து புத்தி கேட்ட ராசா அவன். அவனைப் பேய்களின் தலைவன் தூக்கித் தூர எறிந்துவிட்டு, அவன் உருவத்தில் சிம்மாசனத்தில் ஏறிக்கொண்டான். உண்மையான சாலமன் வாசல் வாசலாகப் பிச்சை எடுத்தான். போன இடமெல்லாம் "நான் எருசலேமில் ராசாவாயிருந்தனான்" என்றான். சனம் பைத்தியம் என்று நினைத்தது. கடைசியில் ஞானிகளுக்குச் சந்தேகம் வந்தது. பைத்தியக்காரன் ஒரே கதையை விடாமல் சொல்லமாட்டானே என்று விசாரித்து, சிம்மாசனத்தை மீட்டுக் கொடுத்தார்கள்.

எனக்கு குரொய்டனில் அகதி விசாரணை நடந்த நாள் ஞாபகம் வந்தது. ஊரில் நில அளவையாளர் என்று சொன்னேன். அதிகாரி தலையை நிமிர்த்தாமல், கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். அன்றைக்குத் தெரியாது. பிறகு பழகிக்கொண்டேன், வேறு வழி இருக்கவில்லை. எங்களை விசாரித்துப் பார்க்க எந்த ஞானியும் வரவில்லை. மிஸ்டர் ஐசக்கை இறக்கிவிட்டு வந்து இதைக் குமுதாவுக்குச் சொன்னேன். அவள் வீல்செயார் பட்டிகளைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "அண்ணை, லண்டனுக்கு வந்த எங்கடை ஆக்களிலை அங்கை ராசா இல்லாமல் இருந்த ஒருத்தரைக் காட்டுங்கோ பாப்பம்."

மருந்துப் புத்தகம்

மிஸஸ் ரூத்துக்கு இடுப்பு ஒப்பரேஷன் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்த காலம். பஸ்ஸின் லிப்ட் அசையும்போதெல்லாம் பல்லைக் கடிப்பார். அந்த வாரம் எசேக்கியா ராசா. அசீரியர் முற்றுகை போட வரப்போகிறார்கள் என்று நகரத்துக்குள் தண்ணீர் வரப் பாறையைக் குடைந்தவன். விக்கிரகங்களை உடைத்தவன். "அதோடை," என்றார் மிஸ்டர் லெவின், "எல்லா நோய்க்கும் மருந்து சொல்லுற ஒரு புத்தகம் அந்தக் காலத்திலை இருந்தது. சனம் கடவுளை மறந்து புத்தகத்தை நம்புது எண்டு அவன் அதை ஒளிச்சு வைச்சிட்டான். எங்கடை ஞானிகள் அதைச் சரியெண்டு ஒப்புக்கொண்டவை."

"நோவிலை கிடந்த சனத்தை ஆரும் கேட்டவையோ?" என்றார் மிஸஸ் ரூத். சிவப்பு விளக்கில் நின்றபோது அவரே மெல்லச் சொன்னார்: "அந்தப் புத்தகம் எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியும். எங்கடை டொக்டரின்ரை ஜீபி சேர்ஜரியிலை ரிசெப்ஷன்காரி அதுக்கு மேலை குந்திக்கொண்டிருக்கிறா."

ரிஸ்பாள்

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். குமுதாவிடம் கேட்டேன். எழுதுங்கோ என்றாள்.

மழை நாள். நோர்த் சேர்குலரில் விபத்து, வாகனம் அசையவில்லை. மிஸ்டர் லெவின் தாவீதுக்குத் திரும்ப வந்திருந்தார். தாவீது செய்த நல்ல காரியங்களைச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்றார். அதில் ஒன்று, முதல் ராசாவான சவுலின் எலும்புகளை எடுத்து மரியாதையாக அடக்கம் செய்தது. "ஏன் அப்ப மட்டும் நினைவு வந்தது, அதையும் சொல்லும்," என்றார் மிஸஸ் ரூத். மிஸ்டர் லெவின் சொன்னார்.

நாட்டில் பஞ்சம். சவுல் ஒருகாலத்தில் கிபியோன் ஊராரைக் கொன்ற பழிதான் காரணம் என்று கடவுளிடமிருந்து வாக்கு வந்தது. சவுல் எப்போதோ இறந்துவிட்டார். கிபியோனார் அவர் வம்சத்தில் ஏழு ஆண்களைக் கேட்டார்கள். தாவீது பிடித்துக் கொடுத்தார். மலையில் தூக்கில் போட்டார்கள். அதில் இரண்டு பேர் ரிஸ்பாள் என்பவளின் பிள்ளைகள். அவள் சாக்குத்துணியைப் பாறையில் விரித்து உட்கார்ந்தாள். பகலில் பறவையையும் இரவில் மிருகத்தையும் அந்த உடம்புகளை அண்டவிடவில்லை. அது ராசாவின் காதுக்குப் போனது. பிறகுதான் எல்லாருடைய எலும்புகளையும் சேர்த்து அடக்கம் செய்தார்.

குமுதா பின்சீற்றிலிருந்து, இங்கிலீஷில், "எவ்வளவு காலம் இருந்தவ?" என்று கேட்டாள். வகுப்பு விஷயத்தில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல்தரம்.

"அறுவடை தொடங்கினதிலையிருந்து மழை பெய்யும் வரைக்கும்," என்றார் மிஸ்டர் லெவின். "மாசக் கணக்கு."

"பிறகு அவவுக்கு என்ன நடந்தது?"

"எழுதேல்லை."

குமுதாவின் தம்பியை, யுத்தத்தின் கடைசியில், அவளுடைய அம்மாவே கையைப் பிடித்துக் கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்தவர். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். பிறகு ஆளும் இல்லை, தகவலும் இல்லை. அம்மா இப்போதும் கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டகையில் அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மற்றத் தாய்மாரோடு இருக்கிறார். இது எனக்குத் தெரியும். பஸ்ஸில் வேறு ஒருவருக்கும் தெரியாது. குமுதா ஜன்னல் பக்கம் திரும்பித் தமிழில் ஒன்று சொன்னாள். நான் கேட்காத மாதிரி வைப்பரைக் கூட்டினேன்.

நிலையத்தில் லிப்டை இறக்கும்போது மிஸ்டர் லெவின் என் கையைப் பிடித்தார். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். அவளைப் பார்த்தேன். சொல்லுங்கோ என்று தலையை ஆட்டினாள். தம்பியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அவள் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அன்றைக்கு அவர் வகுப்பு நடத்தவில்லை. தனக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார். குமுதா சொன்னது இதுதான்: "அவவுக்குக் காவல் இருக்கிறதுக்கு உடம்பாவது இருந்தது."

பெயர் சரியாக இருந்த ராசா

பஸ் சேவையை நிறுத்தப் போகிறார்கள் என்று முதலில் சமையலறையில்தான் கேள்விப்பட்டோம். பிறகு மனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார். விரும்பினவர்கள் பிள்ளைகளின் காரில் வரலாம், வராதவர்கள் வீட்டிலிருந்தே கணினியில் வகுப்பைப் பார்க்கலாம் என்றார். மிஸ்டர் ஐசக் எந்தப் பொத்தானை அழுத்துவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மிஸஸ் ரூத் கேட்கத்தான் வாய் எடுத்தார். அதற்குள் கேக் வந்துவிட்டது.

அது கடைசிச் செவ்வாய். காலையில் மிஸ்டர் லெவின் ஒம்ரி ராசாவைப் பற்றிப் பேசியிருந்தார். சமாரியா நகரத்தைக் கட்டினவன். அசீரியர் அவன் செத்த பிறகும் அந்த நாட்டை ஒம்ரியின் வீடு என்றே எழுதினார்கள். ஆனால் வேதத்தில் அவனுக்குக் கிடைத்தது சில வரிகள்தான், அதிலும் பாதி அவன் கெட்டவன் என்று சொல்வது. ஒரு நகரத்தைச் சேர்த்ததற்காகத்தான் அவனுக்கு ராச்சியம் கிடைத்தது என்று ஞானிகள் ஒரு நல்ல வார்த்தை சொல்லி வைத்தார்கள். அதுவும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை.

மத்தியானம் மனேஜர் நன்றி சொன்னார். என் பெயர் சிவநேசன். அவர் சிவராமன் என்றார். குமுதாவைக் குமாரி என்றார். "உங்கள் புன்னகையை மறக்க மாட்டோம்," என்றும் சொன்னார். நான் அந்த நிலையத்தில் சிரித்ததாக எனக்கே ஞாபகம் இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். குமுதா எனக்குக் கேட்க மட்டும், "வாங்கோ சிவராமன், போவம்," என்றாள். மிஸ்டர் லெவின் கைதட்டவில்லை. கேக் தட்டைத் தொடாமல் அப்படியே என்னிடம் தந்துவிட்டுச் சொன்னார்: "ஒம்ரியைத் திட்டி எழுதினவை கூட அவன்ரை பேரைச் சரியாய் எழுதினவை."

கடைசி வரி

மிஸ்டர் ஐசக்கைப் பற்றிப் பிறகு தெரியவந்தது, பஸ் நின்ற பிறகும் அவர் காலையில் கோட் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாராம். மகள் வேலைக்குப் போகும்போது உள்ளே விட்டுப் பூட்டிவிட்டுப் போவாளாம். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை. விசாரித்து என்ன செய்வது.

மிஸ்டர் லெவின் விழுந்து, நேர்சிங் ஹோமுக்குப் போனார். மிஸஸ் ரூத் எனக்குப் போன் பண்ணினார். இரண்டு பேரின் வீடுகளுக்கும் இடையில் நாலைந்து தெருதான், ஆனால் பஸ் நின்ற நாளிலிருந்து இருவரும் சந்திக்கவே இல்லை. லீவு நாளில் என் காரில் மிஸஸ் ரூத்தை ஏற்றிக்கொண்டு போனேன். மிஸ்டர் லெவின் பாதியாகக் குறைந்திருந்தார். எங்களைக் கண்டதும் கையை நீட்டினார். மிஸஸ் ரூத் அந்தக் கையைப் பிடித்து, விடாமலே இருந்தார். சண்டை பிடிக்க இரண்டு பேருக்கும் தெம்பு இருக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு வந்தது. எல்லாவற்றையும் அரைத்து, கிண்ணத்தில் பச்சையும் மஞ்சளும் தனித்தனியாக. ஊட்ட வந்த பெண்ணுக்கு நேரமில்லை, கரண்டியை மிஸஸ் ரூத்திடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மிஸ்டர் லெவின் இரண்டு வாய் விழுங்கிவிட்டுச் சொன்னார், ராசாக்களின் புத்தகம் எப்படி முடிகிறது என்று தான் வகுப்பில் சொல்லவே இல்லை என்று. தாவீதின் வம்சத்தில் வந்த யோயாக்கீன். பதவிக்கு வந்து சில மாதத்தில் பாபிலோன்காரன் பிடித்துக்கொண்டு போனான். சிறையிலேயே கிழவனாகிறான். பிறகு வேறொரு ராசா வந்து அவனை வெளியே விடுகிறான், சிறை உடுப்பை மாற்றக் கொடுக்கிறான், தன் மேசையில் இருத்துகிறான்.

"சாகுமட்டும் ஒவ்வொரு நாளும் அவனுக்குச் சாப்பாடு கிடைச்சுது," என்றார். "புத்தகம் அதோடை முடியுது. அதை நம்பிக்கையான முடிவெண்டு சொல்லுவினம். நானும் அப்பிடித்தான் படிப்பிச்சனான்."

மிஸஸ் ரூத் அவர் வாயோரத்தைத் துடைத்தார். அடுத்த கரண்டியை நிறைத்துக்கொண்டார்.

"கோயில் போச்சு, நாடு போச்சு, பிள்ளையள் எங்கையெண்டு தெரியாது," என்றார். "சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. வாயைத் திறவும்."

இப்போது நான் பார்சல் வான் ஓட்டுகிறேன். ஒரு சப்பாத்துப் பெட்டி அரைமணி பிந்தினால் எங்கே எங்கே என்று விசாரிக்கிற இந்த ஊரில், அந்தக் கிழடுகள் எங்கே என்று இன்றுவரை என்னை ஒருவரும் கேட்டதில்லை.